பத்திரிகை அடிச்சாச்சு

காசிராஜனின் தீப்பெட்டி ஆபீசில் தினமும் காலை பத்து மணிக்கு ஒரு பூசை நடக்கும். சாமியும் கிடையாது, மணியும் கிடையாது. முந்தின நாள் மருந்தில் முக்கிக் காயவைத்த குச்சிகளில் ஒன்றை ஃபோர்மேன் சுடலைக்கண்ணு எடுத்து நீட்டுவார். முதலாளி அதை உரசிக் கிடையாகப் பிடித்துக்கொண்டு, நெருப்பு குச்சி வழியே ஊர்ந்து வருவதைக் கண்கொட்டாமல் பார்ப்பார். விரலைத் தொட ஒரு நெல்முனை இருக்கும்போது உதறுவார். "நல்லா நின்னு எரியுது. லோடு ஏத்து" என்பார்.

குச்சி எரிகிறதா என்று பார்க்க இவ்வளவு சடங்கு வேண்டியதில்லை. பக்கத்து ஆபீசில் கணக்கப்பிள்ளை பீடி பற்றவைக்கும்போதே பார்த்துவிடுகிறார். ஆனால் முப்பது வருஷமாக விரல் சுடாமல் உதறுகிறவர் என்று காசிராஜனுக்குக் கோவில்பட்டியில் ஒரு பேர் விழுந்துவிட்டது. பேர் என்று ஒன்று வந்துவிட்டால் அதற்குத் தினமும் தீனி போட்டாக வேண்டும்.

2003ஆம் வருஷம் கார்த்திகைக் கடைசியில் ஒருநாள் நெருப்பு அந்த நெல்முனையைத் தாண்டியது. முதலாளி உதறவில்லை.

"மொதலாளி, கை! கை!" என்று கத்திக்கொண்டே சுடலைக்கண்ணு தட்டிவிட்டார். அதற்குள் கருகல் வாடை வந்துவிட்டது. காசிராஜன் தன் கட்டைவிரலைப் பார்த்தார். நுனி வெளுத்துச் சுருங்கியிருந்தது. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன விரல் மாதிரி இருந்தது. வலி இல்லை.

"சும்மா பாத்தேன்வே. கடைசி வரைக்கும் எரியுதான்னு."

சட்டத்தில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் வாயில் விரலை வைத்தார்கள். "எமன் வீட்டு வாசல் வரைக்கும் போயிட்டு வந்த மனுசன். அவரை நெருப்பு என்ன செய்யும்?" என்றாள் ஒருத்தி. மத்தியானத்துக்குள் இந்தச் செய்தி கழுகுமலை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டது.

காசிராஜனுக்கு மட்டும் விஷயம் தெரியும். ஒரு வாரமாகவே உள்ளங்காலில் பஞ்சு ஒட்டினாற்போல இருந்தது. இன்றைக்குக் கைக்கும் வந்துவிட்டது. சென்னை டாக்டர் சொல்லி அனுப்பியதில் இதுவும் ஒன்று.

சென்னை டாக்டரைப் பற்றிச் சொல்லுமுன் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

காசிராஜனுக்குக் கூடப்பிறந்தது ஒரே தம்பி, இசக்கிதுரை. விளாத்திகுளத்தில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை. 1993இல் காசிராஜன் மகள் உமாதேவிக்குக் கல்யாணம் வந்தது. பத்திரிகையில் பெண்ணின் சித்தப்பா பேர் அழைக்கிறவர்கள் வரிசையில் மேலே வர வேண்டும். இசக்கிதுரையின் பேர் பக்கத்தின் அடிவாரத்தில், மைத்துனர் மக்களுக்கும் பிரஸ்காரன் விலாசத்துக்கும் நடுவில், கண்ணாடி போட்டுத் தேடினால் அகப்படுகிற எழுத்தில் கிடந்தது. "அச்சுப் பிழை" என்றார் காசிராஜன். பிழையெல்லாம் இல்லை. புரூப் அவர் கையால்தான் திருத்தப்பட்டது. முந்தின மாசம் ஏதோ ஒரு விருந்தில் தம்பி தனக்கு முன்னால் இலையில் உட்கார்ந்துவிட்டான் என்பது அவருடைய வழக்கு. பெரிய மனிதர்களின் வழக்குகள் இவ்வளவுதான் இருக்கும். இசக்கிதுரை கல்யாணத்துக்கு வரவில்லை. ஒன்பது வருஷம் அண்ணன் வாசல்படி மிதிக்கவில்லை.

அப்புறம்தான் காசிராஜனுக்கு ரத்தத்தில் புற்று என்று சென்னையில் சொன்னார்கள். வேறொருவர் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையை எடுத்து ஏற்றினால் ரத்தம் புதிதாக ஊறும், கூடப்பிறந்தவர்களுக்குத்தான் பொருந்த வாய்ப்பு அதிகம் என்றார்கள். காசிராஜன் மனைவி மீனாட்சியம்மாள் யாரையும் கேட்காமல் விளாத்திகுளத்துக்குப் பஸ் ஏறினாள். இசக்கிதுரை கடையைச் சாத்திவிட்டு அவளோடு வந்தான்.

வந்தானே தவிர பேசவில்லை. பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க அண்ணனும் தம்பியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். "பயப்பட வேண்டாம்னு அவியகிட்ட சொல்லுங்க" என்றான் தம்பி, நர்சிடம். "சாப்பிட்டானான்னு அவன்கிட்ட கேளும்மா" என்றார் அண்ணன், அதே நர்சிடம். இருவருக்கும் நடுவில் இரண்டடி கூட இல்லை. அந்தப் பெண் கேரளத்துக்காரி. இது எந்த ஊர்த் தமிழ் என்று விழித்தாள்.

மஜ்ஜை ஏற்றி, கண்ணாடி அறைக்குள் காசிராஜனை மாசக்கணக்கில் பூட்டி வைத்திருந்தார்கள். ஒருநாள் வெளியிலிருந்த போனை எடுத்து இசக்கிதுரை நேராக அவரிடமே பேசினான்.

"அண்ணாச்சி, சேதி தெரியுமா? இனிமே நீங்களும் பி பாசிட்டிவாம். நம்ம ரத்தந்தான் ஓடுதாம்."

கண்ணாடிக்கு உள்ளே காசிராஜன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுததை நர்ஸ் மட்டும் பார்த்தாள்.

ஊருக்குக் கிளம்பும்போது டாக்டர் உட்காரவைத்துச் சொன்னார். "உங்க தம்பியோட செல்லுக்கு உங்க உடம்பு புது இடம். சில சமயம் உங்க உடம்பையே வெளியாளுன்னு நினைச்சு அடிக்க ஆரம்பிக்கும். தோலு, குடலு, ஈரல், நரம்பு, எங்க வேணும்னாலும் வரலாம். அடக்கி வைக்கத்தான் இந்த மாத்திரை. ஆறு மாசம் கழிச்சுக் குறைச்சுக்கிட்டே வருவோம். அப்பத்தான் கவனமா இருக்கணும். புதுசா எது வந்தாலும் அன்னைக்கே போன் பண்ணுங்க." ஃபைலின் மேல் சிவப்பு மையில் நம்பரும் எழுதிக் கொடுத்தார்.

மாத்திரையைக் குறைத்துக்கொண்டிருந்த மாசந்தான் கார்த்திகை.

ஆனால் அதற்குள் நந்தகோபால் புகுந்துவிட்டார். நந்தகோபால் ஊரில் ஏழு சங்கங்களுக்குச் செயலாளர். இரண்டு சங்கங்களுக்கு அவரைத் தவிர உறுப்பினர் கிடையாது. கோவில்பட்டியில் எவரையும் ஒரு பட்டம் வாங்காமல் சாக விடுவதில்லை என்று விரதம் எடுத்தவர். "அண்ணாச்சி, இதை இப்படியே விடப்படாது. மறுபிறவி விழா எடுக்குதோம். தம்பிக்குப் பட்டம் குடுக்குதோம். 'எலும்பு தந்த ஏந்தல்'."

"எலும்பு இல்லவே, மஜ்ஜை."

"மஜ்ஜைக்கு மோனை உதைக்குது அண்ணாச்சி."

காசிராஜன் சம்மதித்தார். நந்தகோபாலுக்காக இல்லை, பத்திரிகைக்காக. பீரோவுக்குள் இருந்து அந்த 1993ஆம் வருஷக் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு தாமே பிரஸ்ஸுக்குப் போனார். "இதுல என் பேரு எந்த இடத்துல, எந்த எழுத்துல இருக்கோ, அங்கன இசக்கிதுரை பேரு வரணும். அவன் பேரு இருக்குற இடத்துல என் பேரு. பாயிண்டு ஒண்ணு கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்." அடிவாரத்தில், பிரஸ்காரன் விலாசத்துக்கு மேலே, கடுகு எழுத்தில் 'காசிராஜன்' என்று விழுந்தது. அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத் திருப்திப்பட்டார். மன்னிப்பு என்ற வார்த்தையை வாயால் சொல்லத் தெரியாத ஆட்கள் எண்ணூறு பிரதி அச்சடித்துக் கொடுப்பார்கள்.

இசக்கிதுரை பத்திரிகையை இரண்டு தடவை படித்தான். கடைசி வரியில் கொஞ்ச நேரம் நின்றான். "எழுத்து கொஞ்சம் பெருசாப் போச்சோ அண்ணாச்சி" என்றான். சட்டைப் பையில் ஒன்றை மடித்து வைத்துக்கொண்டு, இன்னும் ஐம்பது கொடுங்கள் என்று வாங்கிப் போனான்.

விழா தை பத்து. விரல் சுட்டது பத்திரிகை வீட்டுக்கு வந்த மறுநாள்.

முதலில் செருப்பு காட்டிக்கொடுத்தது. ஒருநாள் மீனாட்சியம்மாள், "என்னங்க, ஒத்தச் செருப்போட வருதீங்க?" என்றாள். காசிராஜன் குனிந்து பார்த்தார். வலது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றதென்று தெரியவில்லை.

"கரிசல் மண்ணுல்லா. புடிச்சா விடுதா?"

நியாயமான பதில். அந்த வருஷம் பின்மழை பெய்திருந்தது. நனைந்த கரிசலுக்குச் செருப்பைப் பறிகொடுக்காதவன் அந்தச் சீமையிலேயே கிடையாது. மீனாட்சியம்மாள் நம்பினாள். பத்து நாள் கழித்து, மண் காய்ந்து வெடித்த பிறகு, தபாலாபீஸ் முன்னால் தார் ரோட்டில் மறுபடியும் கழன்று கிடந்த செருப்பைச் சுடலைக்கண்ணு கொண்டுவந்து கொடுத்தபோது நம்பவில்லை.

"தார் ரோட்டுல ஏதுங்க கரிசல்?"

காசிராஜன் சட்டைப் பித்தானோடு மல்லாடிக்கொண்டிருந்தார். அவள் வந்து போட்டுவிட்டாள். போடும்போதே கட்டைவிரல் புண் கண்ணில் பட்டது. காலைத் தொட்டாள், கிள்ளினாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போன் போடட்டா?"

"யாருக்கு?"

"செவப்பு மையில எழுதியிருக்கே, அந்த நம்பருக்கு."

"போட்டா என்ன சொல்லுவாங்க? பொட்டியக் கட்டிட்டு வான்னுவாங்க. பொறவு விழா?"

"விழாவைத் தள்ளி வைங்க."

"பத்திரிகை அடிச்சாச்சு."

மழை வந்தாலும் மந்திரி மாண்டாலும் பத்திரிகையில் போட்ட தேதி நகராது. அந்தப் பக்கத்தில் அதுதான் சட்டம். நகர்த்தினால் அபசகுனம். மீனாட்சியம்மாளும் அதே ஊர்க்காரிதான். அதனால் தேதியை விட்டுவிட்டாள். அப்புறம் மெதுவாக, "அவுகளுக்கு ஒரு வார்த்தை சொன்னா இன்னைக்கே காரை எடுத்துட்டு வந்து உங்களைத் தூக்கிட்டுப் போயிருவாக" என்றாள். கொழுந்தனைச் சொன்னாள்.

"அதான் சொல்லப்படாதுங்கேன். ஏட்டி, அவன் பேரைத் தலையில போட்டு எண்ணூறு வீட்டுக்குக் குடுத்துட்டு, அவன் குடுத்தது எனக்குக் கைகாலை முடக்கிட்டுன்னு சொல்லவா? தம்பி ரத்தம் அண்ணனைத் திங்குதுன்னு இந்த ஊரு பேசும். பொறவு அவன் எங்கன கொண்டு மூஞ்சிய வைப்பான்? ஒரு விழா முடியட்டும். பதினொண்ணாந் தேதி காலையில கிளம்பிருவோம். நாலு வாரத்துல என்ன குடி முழுகிரும்?"

என் மேல் சத்தியம் என்று கையில் அடிக்கச் சொன்னார். அவள் அடித்தாள். அடித்தது அவருக்குத் தெரியவில்லை. "அடிச்சாச்சா?" என்று கேட்டார்.

அந்த நாலு வாரத்தில் படி ஏறுவது போனது. டம்ளரைத் தூக்குவது போனது. உட்கார்ந்தால் எழுந்திருக்க நாற்காலிக் கை வேண்டியிருந்தது. காலை பத்து மணிப் பூசையைச் சுடலைக்கண்ணுவிடம் ஒப்படைத்தார். "இனி நீரே பாரும்வே. எம்புட்டு நாளைக்கு நானே பாக்க?" என்றார். முதலாளி பதவியை விட்டுக்கொடுக்கிறார் என்று சுடலைக்கண்ணு வீட்டில் கேசரி கிண்டினார்கள்.

பத்திரிகை வைப்பதுதான் பெரும்பாடு. வீட்டுக்குள் போய், உட்கார்ந்து, தட்டில் குங்குமத்தோடு வைத்து, காப்பி குடித்துவிட்டு எழுந்தால்தான் அழைத்ததாக அர்த்தம். காசிராஜனால் காரை விட்டு இறங்க முடியவில்லை. டிரைவர் ஆரன் அடிப்பான், வீட்டுக்காரர் வெளியே வருவார், காசிராஜன் சன்னல் வழியாக நீட்டுவார். "கொஞ்சம் அவசரம், அண்ணாச்சி. கட்டாயம் வந்திரணும்."

இலையில் யார் முதலில் உட்கார்ந்தார்கள் என்பதற்காக ஒன்பது வருஷம் தம்பியோடு பேசாதிருந்த மனிதர், ஊரையே தெருவில் நிற்கவைத்துப் பத்திரிகை கொடுத்தார். ஊர் சும்மா இருக்குமா? "கீழ கால் வைக்க மாட்டாராம்லே. மஜ்ஜையோட சேத்து மப்பையும் ஏத்தி அனுப்பிட்டாங்க போலிருக்கு." டீக்கடைப் பேச்சை டிரைவர் வந்து சொன்னான். காசிராஜன் சிரித்தார். திமிர் என்று நினைத்தால் நல்லதுதான் என்று அவருக்கு ஆறுதலாகக் கூட இருந்தது.

தை பத்தாம் தேதி மண்டபம் நிறைந்தது. மப்புப் பிடித்தவர் என்று திட்டியவர்கள் முதல் வரிசையில் இருந்தார்கள். மேடைக்கு நாலு படி. ஒரு பக்கம் மீனாட்சியம்மாள், மறுபக்கம் சுடலைக்கண்ணு. நாலு படிக்கும் நாதசுரக்காரர் ஒரு கீர்த்தனையையே வாசித்து முடித்துவிட்டார்.

நந்தகோபால் முக்கால் மணி நேரம் பேசினார். "கர்ணன் கவசத்தைத்தான் கொடுத்தான்! நமது இசக்கிதுரை எலும்பையே கழற்றிக் கொடுத்தார்!" என்றார். சனங்கள் எட்டி எட்டி இசக்கிதுரையின் கால்களைப் பார்த்தார்கள். எந்தக் கால் குட்டை என்று பின்வரிசையில் ஒரு தர்க்கம் நடந்தது. இசக்கிதுரை பட்டு வேட்டிக்குள் கூசிப்போய் உட்கார்ந்திருந்தான். சட்டைப் பையில் அந்தப் பத்திரிகை மடித்தபடி துருத்திக்கொண்டிருந்தது.

"இப்போது அண்ணன், தம்பிக்குப் பொன்னாடை போர்த்துவார்!"

மீனாட்சியம்மாள் முதுகில் கை கொடுத்து எழுப்பினாள். காசிராஜன் பொன்னாடையை வாங்கினார். விரித்தார். கைகள் மார்பு வரை வந்தன. அதற்கு மேல் வரவில்லை. தம்பி குனிந்து கொடுத்தான். இன்னும் ஒரு சாண் தூக்கினால் போதும். விரல்கள் எப்போது விட்டன என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தால்தானே? பொன்னாடை வழுக்கி இசக்கிதுரையின் காலடியில் விழுந்தது.

 எண்ணூறு பேரில் கல்யாணப் பத்திரிகை விவகாரம் தெரியாதவர் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். ஊரைக் கூட்டி வைத்துக் கீழே போட்டான் பார் என்று அத்தனை முகத்திலும் எழுதியிருந்தது. தம்பி முகத்திலும் எழுதியிருந்தது.

"இன்னும் மனசு ஆறலியா அண்ணாச்சி?" என்றான் இசக்கிதுரை, மைக்குக் கேட்காமல்.

காசிராஜனுக்கு வாய் திறந்தது. ஆறு வாரமாக அடக்கி வைத்த பேச்சுக்கு எந்தப் பக்கமாக வெளியே வருவது என்று தெரியவில்லை. "ஆறிட்டுலே. கையில..." என்றார். சொல்வதைவிட எடுத்துப் போர்த்திவிடுவது சுலபம் என்று தோன்றியது. குனிந்தார். முழங்கால் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. தம்பியின் இரண்டு பாதங்களுக்கும் மேல் குப்புற விழுந்தார்.

நந்தகோபால் மைக்கை விடவில்லை. "பாருங்கள்! பாசப் பெருக்கால் மூத்தவர் இளையவர் காலில் விழுந்தார்! இதல்லவோ தமிழ்ப் பண்பாடு!"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. மேளக்காரர் கெட்டிமேளம் கொட்டினார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் இசக்கிதுரை அண்ணனைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினான். முப்பது வருஷமாக வத்தல் மூடை தூக்கிப் பழகிய ஆள். உயிருள்ள உடம்பு, தூக்குகிறவனுக்குத் தன்னால் ஆன ஒத்தாசை செய்யும். இது செய்யவில்லை. அவன் மீனாட்சியம்மாளைப் பார்த்தான். அவள் சத்தியத்தை அந்த இடத்திலேயே உடைத்தாள்.

கார் மதுரையைத் தாண்டும்போது கோவில்பட்டியில் மூன்றாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. பத்திரிகை அடித்தாயிற்று அல்லவா.

சென்னையில் டாக்டர் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் சும்மா தொங்கியது. கையிலும் காலிலும் மின்சாரம் வைத்துப் பார்த்தார்கள்.

"எப்ப ஆரம்பிச்சது?"

"நாலு நாளா" என்றார் காசிராஜன்.

"ஆறு வாரமா" என்றாள் மீனாட்சியம்மாள்.

டாக்டர் பேனாவை மூடினார். மேசைவிசிறியின் வயரைத் தூக்கிக் காட்டினார். "உள்ள கம்பி, மேல ரப்பர். நரம்பும் இப்படித்தான். அந்த ரப்பரை உங்க புது செல்லு அரிச்சிருக்கு. ரொம்ப நாளானதால உள்ள கம்பியும் கெட்டிருக்கு. முதல் வாரத்துல வந்திருந்தா..." அதோடு நிறுத்திக்கொண்டார். டாக்டர்கள் பாதியில் விடுகிற வாக்கியங்களை வீட்டுக்காரர்கள் ஆயுசு முழுக்க முடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கதவோரம் நின்ற இசக்கிதுரை கேட்டான். "புது செல்லுன்னா... என்னுதுங்களா?"

டாக்டர் பொய் சொல்லத் தெரியாத நல்ல மனிதர். "ஆமா. ஆனா அதுல உங்க தப்பு ஒண்ணுமில்ல. உங்களால்தான் இன்னைக்கு உயிரோட இருக்காரு."

இரண்டாவது, மூன்றாவது வாக்கியங்கள் இசக்கிதுரையின் காதில் விழவில்லை.

ஐந்து நாள் பாட்டில் பாட்டிலாக மருந்து ஏற்றினார்கள். ஆயிரக்கணக்கான பேர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த மருந்தாம். மறுபடியும் மாத்திரை. முகம் பூசணிக்காயாக உப்பியது. மூச்சுக்கு ஆபத்து வராமல் தப்பியது. கைத்தடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கக்கூசு வரை நடக்கக் கால் வந்தது. விரல்கள் வரவில்லை. இனி வந்தால் வந்ததுதான் என்றார்கள்.

கோவில்பட்டிக்குத் திரும்பினார்கள். பங்குனி பிறந்தது. இசக்கிதுரை ஞாயிற்றுக்கிழமைதோறும் விளாத்திகுளத்திலிருந்து வந்தான். பழம் வாங்கி வந்தான். அண்ணன் கட்டிலுக்கு எதிரே நாற்காலியில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தான். ஆனால் நேராகப் பேசுவது மறுபடியும் நின்றுவிட்டது. இந்தத் தடவை கோபம் இல்லை. கோபமென்றால் ஒன்பது வருஷத்தில் தீரும் என்று முன்னனுபவம் இருக்கிறது.

"மதினி, அவிய மாத்திரை போட்டாச்சான்னு கேளுங்க."

"போட்டாச்சுன்னு சொல்லு" என்பார் காசிராஜன்.

ஆறு வாரம் எதைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டிருந்தாரோ அது எதிரே நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை சுடலைக்கண்ணு வந்தார். புதுச் சரக்கு, மறுநாள் வடக்கே லோடு போகிறது, முதலாளி ஒரு குச்சி பார்த்துவிட்டால் திருப்தி என்று பெட்டியை நீட்டினார். பதவி கிடைத்த பிறகுதான் அவருக்குப் பயம் வந்திருந்தது. காசிராஜன் குச்சியை எடுத்தார். விழுந்தது. மறுபடி எடுத்தார். மறுபடி விழுந்தது. மூன்றாவது குச்சி உரசும்போதே ஒடிந்தது. சுடலைக்கண்ணு கூரையைப் பார்த்தார்.

இசக்கிதுரை எழுந்து வந்தான். பெட்டியை வாங்கி ஒரு குச்சியை உரசி, அண்ணன் கண்ணுக்கு நேரே கிடையாகப் பிடித்தான். நெருப்பு ஊர்ந்து வந்தது. பாதி தாண்டியது. வத்தல் வியாபாரிக்கு எப்போது உதறுவது என்று தெரியாது. அண்ணன் சொல்லட்டும் என்று பிடித்துக்கொண்டே நின்றான். அண்ணன் நெருப்பைப் பார்க்காமல் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். நெல்முனை தாண்டியது.

"ஸ்ஸ்!" இசக்கிதுரை கையை உதறி விரலை வாயில் வைத்துக்கொண்டான்.

காசிராஜன் கண்கள் விரிந்தன. பசித்தவன் அடுத்தவன் இலையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"சுட்டுச்சாலே?"

இசக்கிதுரை வாயிலிருந்து விரலை எடுத்தான். அண்ணன் பக்கம் திரும்பாமல் அடுப்பங்கரை வாசலைப் பார்த்துச் சொன்னான்.

"சுட்டுச்சுன்னு சொல்லுங்க மதினி."